பருவத்துக்கு வராத பெட்டைகள்

டாக்டரம்மா எவர்சில்வர் தட்டை என் முன்னால் நீட்டி, "குனிஞ்சு பாருங்கம்மா" என்றார். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்று மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாற்றத்துக்காகப் பொத்தவில்லை. வெந்நீர் ஊற்றி முடி சுரண்டிய வாடையும் வைக்கோல் புகையும் எனக்கு எப்போதோ பழகிவிட்டன. தட்டில் இருந்தது ஒரு பெட்டைப் பன்றியின் கருப்பை. கறி வெட்டுகிறவர் அரிவாளைத் துடைத்தபடி ஒரு பக்கம் நிற்கிறார். என் வீட்டுக்காரர் பீடியோடு இன்னொரு பக்கம் நிற்கிறார். அந்த இரண்டு ஆண்களுக்கு நடுவில் நானும் தலையை நீட்டி அதைப் பார்க்க வேண்டுமாம்.

"இந்தா, இது ரெண்டும் கருப்பையோட கொம்பு. எம்புட்டு ஒல்லியா இருக்கு பாருங்க" என்றார் டாக்டரம்மா. அவர் ஊர் வடக்கே எங்கேயோ. 'எம்புட்டு' என்ற சொல்லை மட்டும் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

ஓரக்கண்ணால் பார்த்தேன். சரவெடிக்கு வைக்கிற திரி மாதிரி இருந்தது. அதன் நுனியில் பக்கத்துக்கு ஒன்றாகச் சின்ன உருண்டை. மணத்தக்காளிக் காய்க் கொத்தைப் போலப் பொடிப் பொடியாய்ச் சேர்ந்திருந்தது.

"இதுதான் சினைப்பை. ஒரே ஒரு தடவை இந்தப் பன்னி பருவத்துக்கு வந்திருந்தாலும் இதுல சிவப்பா, கொண்டைக்கடலை மாதிரி மேடு தட்டியிருக்கும். பழசா இருந்தா தழும்பாவது இருக்கும். இதுல எதுவும் இல்ல." அவர் இடுப்பில் செருகியிருந்த கால்நடை ஆஸ்பத்திரி மஞ்சள் அட்டையை எடுத்தார். "மூணு வாரத்துக்கு ஒரு தடவை ஒழுங்கா பருவம் வருதுன்னு கார்டுல எழுதியிருக்கே. யார் சொன்னது?"

வீட்டுக்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

கம்பெனி வேனும் ஐந்து பெட்டைகளும்

இந்தத் தொடரில் நான் பன்றி வளர்த்த கதையை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் மகள் கூட, "அதை எதுக்கும்மா எழுதுறீக, வேற எதுவும் இல்லையா" என்றாள். போன வாரம் மாவாட்டுகிற மெஷின் வந்த கதையை எழுதினேன். அதைவிட இது ஒன்றும் கேவலம் இல்லை. எழுதிவிடுகிறேன்.

ஊருக்கெல்லாம் கலர் டிவி கொடுத்த காலத்துக்கு ஒன்றிரண்டு வருசம் முந்தி இருக்கும். சாத்தூரிலிருந்து தாயில்பட்டிக்குப் போகிற ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. அதில் சீமைக்கருவேலத்தைத் தவிர வேறு எதுவும் விளையாது. ரோட்டோரம் வீடு. பின்னால் கிணறு. அதற்கும் பின்னால் கருவேலக் காடு. காலை ஏழரைக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் எங்கள் வாசலில் வந்து நிற்கும். ஊர்ப் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறிப் போவார்கள். இருபது வருசத்துக்கு மேல் நானும் அப்படித்தான் ஏறினேன். சரவெடி பின்னுவது என் வேலை.

ஒரு சித்திரையில் நான் இருந்த ரூமுக்கு நாலு ரூம் தள்ளி வெடித்தது. எனக்கு ஒரு கீறல் இல்லை. செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தவள்தான், அதை எடுக்கக்கூடத் திரும்பிப் போகவில்லை.

ஊர்ப் பெண்கள் குழுவில் வெண்பன்றிக் குட்டி கொடுத்தார்கள். ஐந்து பெட்டைக் குட்டிகள், கொஞ்சம் வயதில் மூத்த கிடா ஒன்று. சாத்தூர் ஹோட்டல்களில் மிஞ்சுகிற சோற்றையும் சாம்பாரையும் வீட்டுக்காரர் சைக்கிளில் இரண்டு டின்னில் கொண்டு வருவார். பெட்டைகள் வளர்ந்து ஆளுக்கு எட்டுக் குட்டி போட்டால் நான் வேனில் ஏற வேண்டியதில்லை. போடாவிட்டால் ஆடி கழிந்து சீசன் சூடுபிடிக்கும்போது ஏறித்தான் ஆக வேண்டும். போர்மேன் ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு வேனைக் கண்டாலே அந்த வெடிச் சத்தம்தான் காதில் கேட்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், "ஊரே போகுது, உனக்கு மட்டும் என்ன" என்பார்கள்.

மாப்பிள்ளைக்குப் பல் தேய்த்த கதை

முதலில் கிடாவின் கொட்டடியும் பெட்டைகளின் கொட்டடியும் வீட்டை ஒட்டிப் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. நடுவில் இடுப்பளவு சுவர். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கிடா சரியாகக் காலை ஏழரைக்கு முன்னங்காலைச் சுவரில் தூக்கிப் போட்டுக்கொண்டு, பெட்டைகளைப் பார்த்து வாயை மெல்லும். மெல்ல மெல்ல வெள்ளையாய் நுரை தள்ளும். தொண்டைக்குள் உறுமும். அந்த நேரம் பார்த்துத்தான் வேன் வந்து நிற்கும். வேன் முழுக்கப் பெண்கள்.

"யக்கா, மாப்பிள்ளைக்குப் பல் தேய்ச்சு விட்டீகளா? பேஸ்ட் ஒழுகுது பாருங்க" என்பாள் ஒருத்தி.

"பொண்ணு பாக்க வந்திருக்காக, காப்பி குடுங்கக்கா" என்பாள் இன்னொருத்தி.

டிரைவர் வேறு ஹாரன் அடித்துச் சிரிப்பான். நான் அடுப்படிக்குள் ஓடிவிடுவேன். ஏழரை மணிக்கு என் வீட்டு வாசலில் நிற்க எனக்கே முடியாமல் போனது.

என் வீட்டுக்காரரின் அக்கா பக்கத்துத் தெருவில் இருந்தார். எனக்கு மதினி. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் மதினி வந்து நின்று சொல்லிவிட்டால் அதுதான் முடிவு. ஒருநாள் அவரே கிடாவின் கோலத்தைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, வயசுப் பிள்ளைக ஏறி இறங்குற இடத்துல இது என்ன கூத்து? இந்தப் பெட்டைகளும் இன்னும் பருவத்துக்கு வராதது. அதுக முன்னால கிடாவைக் கட்டி வச்சா விளங்குமா? நம்ம வீட்டுப் பிள்ளைகளை இப்படி வச்சிருப்பமா?"

அவ்வளவுதான். மறுநாளே கிடாவைக் கிணற்றுக்குப் பின்னால், கருவேலக் காட்டின் கடைசியில் கொண்டுபோய் அடைத்தோம். அது போதாது என்று பெட்டைகளின் கொட்டடியைச் சுற்றிப் பனையோலைத் தட்டி வைத்துக் கட்டினோம். சமைந்த பெண்ணுக்குக் குச்சில் கட்டுகிற மாதிரி மதினியே நின்று கட்டவைத்தார். தட்டியில் ஓர் ஓட்டைகூட இல்லை. கிடாவின் வாடைகூட வராது. எனக்கும் அப்பாடா என்று இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். மதினியை மட்டும் குறை சொன்னால் அது நியாயம் இல்லை.

தலை குனிந்த நேரம்

சூலக்கரையில் ஒருநாள் பயிற்சி என்று எங்கள் குழுவைக் கூட்டிப் போனார்கள். பெரிய ஹால். சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள். கொட்டடி எப்படிக் கட்டுவது, தண்ணீர் எவ்வளவு, தீவனம் எவ்வளவு என்பது வரைக்கும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டோம்.

பிறகு இனப்பெருக்கம் என்று ஒரு படம் வந்தது. பாடம் சொன்னவர் மீசை வைத்த ஆள். குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார். முதல் வரிசையில் இருந்தவள் முந்தானையை வாயில் வைத்துத் தலையைக் குனிந்தாள். அவளைப் பார்த்து இரண்டாவது வரிசை குனிந்தது. நாற்பது பெண்கள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் அட்டையில் இருந்த மயில் படத்தின் இறகுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது டீயும் பன்னும் வந்துவிட்டன.

கிடாவைத் தினமும் பெட்டைகளுக்குக் காட்ட வேண்டும், அப்போதுதான் அவை காலத்தில் பருவத்துக்கு வரும் என்று அவர் சொன்னது அந்த நேரத்தில்தானாம். ஐந்து வருசம் பள்ளிக்கூடம் போன எனக்கும் தெரியாது, பன்னிரண்டு வருசம் போன எங்கள் குழுத் தலைவிக்கும் தெரியாது. எல்லாரும்தான் குனிந்திருந்தோமே.

மூன்று தலையாட்டல்

பெட்டைகளுக்கு எட்டு மாதம் ஆனது. ஒன்பதும் ஆனது. நன்றாகத் தின்றன, நீளமாய் வளர்ந்தன. பருவம் மட்டும் வரவில்லை. ஒரு விடிகாலையில் யாரும் பார்க்காத நேரம் ஒரு பெட்டையைப் பிடித்துக் கிடாவிடம் கொண்டுபோய் விட்டோம். அது கத்திக்கொண்டு கருவேல முள்ளுக்குள் ஓடிவிட்டது. பிடித்துக்கொண்டு வருவதற்குள் என் சேலை மூன்று இடத்தில் கிழிந்தது.

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்போது இருந்தவர் ரிட்டையர் ஆகப் போகிற பெரியவர். நல்ல மனிதர், ஆனால் சத்தமாகப் பேசுவார். வராந்தா முழுக்க ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஆண்கள்.

"பெட்டை பருவத்துக்கு வருதா?" என்று உள்ளேயிருந்தே கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

"மூணு வாரத்துக்கு ஒருக்கா வருதா?"

ஆட்டினேன்.

"அஞ்சும் வருதா?"

அதற்கும் ஆட்டினேன். அவர் அட்டையில் எழுதிவிட்டுப் பூச்சி மருந்தும் சத்து மாவும் கொடுத்தார். பருவம் வருகிற பெட்டைக்கு அதைத்தான் கொடுப்பார், பாவம், அவர் என்ன செய்வார்.

வெட்கத்தால் மட்டும் அப்படிப் பொய் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் இன்னும் பின்னால் போக வேண்டும்.

எள்ளுருண்டை

ஐந்தாம் வகுப்பு முடித்ததும் என்னைச் சாத்தூரில் தீப்பெட்டி ஆபீசில் சேர்த்தார்கள். விடியுமுன் எழுந்து வண்டி ஏற வேண்டும். கட்டை அடுக்குகிற சட்டத்தில் ஒரு குச்சி கோணலாக இருந்தாலும் கங்காணி பின்மண்டையில் தட்டுவார். நான் பேசாத பிள்ளை. எனக்குக் கூடக் கொஞ்சம் தட்டு விழும்.

என்னைவிட இளைய சித்தி மகள்கள் இரண்டு பேரும் சமைந்து சடங்கு ஆகிவிட்டது. நான் அப்படியே இருந்தேன். பதினைந்து ஆனது, பதினாறு ஆனது. அம்மா எள்ளையும் கருப்பட்டியையும் இடித்து உருண்டை பிடித்துத் தினமும் வாயில் திணித்தாள். எள் வாடை வந்தாலே இன்றைக்கும் எனக்குக் குமட்டும். இளையவளின் சடங்கில் சீர்த்தட்டு எடுக்கப் போனேன். அப்பாவின் தங்கை என் கையிலிருந்து அதை வாங்கி வைத்துவிட்டு, "இருசி எடுக்கக் கூடாதுத்தா" என்றார். சமையாமலே போகிறவளுக்கு அந்தப் பேர். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

பதினேழாவது வயதில் சமைந்தேன். யாரும் சந்தோசப்படவில்லை. ஒரு தொல்லை விட்டது என்ற மாதிரிதான் இருந்தார்கள். ஏன் தாமதமானது என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

வராந்தாவில் அத்தனை ஆண்களுக்கு முன்னால், என் ஐந்து பெட்டைகளும் பருவத்துக்கு வரவில்லை என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வந்த பலன் என்ன? பத்து மாதம் ஆனதும் மதினி வந்தார். "டாக்டரு மருந்து குடுத்தும் ஒண்ணும் ஆகலன்னா மலட்டுப் பன்னி. கறிக்குத் தள்ளுங்க" என்றார். வீட்டுக்காரர் தலையாட்டினார். அவருக்கு அக்கா சொன்னால் சரி. முதல் பெட்டையை ஊர் விசேசத்துக்கு என்று வெட்டினார்கள். என் பொய்க்கு அது போய்ச் சேர்ந்தது.

தட்டுக்குத் திரும்புகிறேன்

பெரியவர் போய், புதிதாக வந்திருந்த டாக்டரம்மா அந்த அட்டையைப் பார்த்திருக்கிறார். ஒழுங்காகப் பருவம் வருகிற ஐந்து பெட்டையும் சினை பிடிக்கவில்லை என்றால் எப்படி என்று அவருக்குச் சந்தேகம். பன்றியை வெட்டுகிறோம் என்று கேள்விப்பட்டு, "உள்ளே இருக்கிறதை எறிஞ்சிராதீங்க, நான் வாரேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"யார் சொன்னதும்மா?" என்று இரண்டாம் தடவை கேட்டார்.

"நாந்தான்" என்றேன். "வரல. ஒண்ணுகூட ஒரு தடவைகூட வரல. பொய் சொல்லிட்டேன்."

டாக்டரம்மா தட்டைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தார். "சரியாப் போச்சு" என்றார். "நான் ஒரு வாரமா கிடாவைத்தான் சந்தேகப்பட்டுட்டு இருக்கேன்."

"ஏளா, இதுல பொய் சொல்ல என்ன இருக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் அவர் போனது உண்டா? பன்றிக்குச் சோறு கொண்டு வருவது ஆம்பிளை வேலை, அதன் பருவத்தைச் சொல்வது பொம்பிளை வேலை என்று யார் பிரித்தார்கள்?

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. அறுத்த பன்றியின் சிறுநீரகத்தைச் சுற்றியிருந்த கொழுப்பை விரலால் விலக்கி, நீளமாய், பழுப்பாய் ஒன்றை எடுத்துக் காட்டினார். பாதி உரித்த புளியங்காய் மாதிரி இருந்தது. இந்தத் தடவை நான் குனிந்து பார்த்தேன். பொய்யே வெளியில் வந்துவிட்ட பிறகு மூஞ்சியை மூடி என்ன ஆகப் போகிறது.

"இது ஒரு சுரப்பி. ரெண்டு சிறுநீரகத்துக்கும் பக்கத்துல ஒண்ணொண்ணு இருக்கும். பயம் வந்தா, நெருக்கடி வந்தா இதுதான் வேலை செய்யும். எந்நேரமும் பயந்துகிட்டே இருந்தா இது பெருத்துப் போகும். சினைப்பை வளர்றதுக்கும் அது இடைஞ்சல். இது பெருசாத்தான் தெரியுது. ஒரே ஒரு பன்னியை வச்சு அடிச்சுச் சொல்ல மாட்டேன். இங்க எதுவும் சத்தம் உண்டா?"

கறி வெட்டுகிறவர் சிரித்துவிட்டார். பெட்டைகளின் கொட்டடிக்கு அந்தப் பக்கம், ரோட்டை ஒட்டி இருந்த பொட்டலில்தான் கம்பெனிக்காரர்கள் மத்தியானம் மூன்று மணிக்குச் சாம்பிள் வெடி போட்டுப் பார்ப்பார்கள். பெட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூலையில் அடைந்துகொள்ளும். தட்டி வேறு சுற்றிலும் கட்டியிருக்கிறது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்றுகூட அவற்றுக்குத் தெரியாது.

"சிவகாசிப் பக்கத்துப் பன்னிக்கு வேட்டு என்ன புதுசா டாக்டரம்மா?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க பொறந்ததுல இருந்து கேக்குறீங்க. வேட்டுச் சத்தம் கேட்டா நீங்க திரும்பிப் பாக்கிறதில்லையா?"

"பாப்பேன். எந்தப் பக்கம் புகை வருதுன்னு பாப்பேன்."

"அதேதான்" என்றார் டாக்டரம்மா.

எனக்கு ஒன்று கேட்க வேண்டும் போல இருந்தது. ஆண்கள் இருவரும் குடலை அலசப் போகும் வரை காத்திருந்து கேட்டேன். "இது மனுசிக்கும் உண்டா?"

"உண்டும்மா. எல்லாருக்கும் உண்டு. சிறுநீரகத்து மேல தொப்பி வச்ச மாதிரி இருக்கும்."

நான் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். டாக்டரம்மா அதைக் கவனித்தார்.

நுரைதான் மருந்து

கிடா எங்கே என்று கேட்டார். கருவேலக் காட்டுக்குக் கூட்டிப் போனேன். தட்டி கட்டிய கதையையும் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் கிடா வாய்ல நுரை தள்ளும்னு சொன்னீங்களே, அந்த நுரை வாடைதாம்மா பெட்டைக்கு மருந்து. அதை மோந்து, கிடாவைப் பார்த்தாதான் உள்ள இருக்கிறது முழிச்சுக்கும். நீங்க மருந்தைக் கொண்டுபோய் காட்டுக்குள்ள வச்சுட்டு எங்கிட்ட மருந்து கேக்குறீங்க."

மீதி நாலு பெட்டைகளையும் ரோட்டுப் பக்கத்திலிருந்து காட்டுப் பக்கம் கொண்டு வந்து கிடாவுக்குப் பக்கத்தில் வேலி வைத்து அடைக்கச் சொன்னார். அங்கே வெடிச் சத்தமும் குறைவு. தினமும் காலையில் ஒவ்வொரு பெட்டையாக வேலியருகே கொண்டுபோய் முதுகில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்த வேண்டும். பருவத்துக்கு வராதது ஓடிவிடும். வந்தது காதை விறைத்துக்கொண்டு மரம் மாதிரி நிற்கும், அடித்தாலும் நகராது. அதுதான் அடையாளம். "இந்தத் தடவை பார்த்துட்டு உள்ளதைச் சொல்லுங்க" என்றார்.

மதினி வந்து கத்தினார். "கிடா பக்கத்துலயா? உனக்குக் கூறு இருக்கா?"

"இம்புட்டு நாளும் கூறோட இருந்துதான் ஒண்ணு கறியாப் போச்சு மதினி" என்றேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவரிடம் நான் எதிர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் சாப்பிடாமல் போய்விட்டார்.

கோட்டயத்திலிருந்து பன்றி ஏற்ற ஒரு வியாபாரி மூன்று வாரத்துக்கு ஒருமுறை லாரியோடு வருவார். வீட்டுக்காரர் ஒரு கணக்குச் சொன்னார். "லாரி வர்றதுக்குள்ள எது வருதோ அது இருக்கட்டும். வராததை ஏத்திருவேன். நாலுல மூணாவது வந்தா நீ வீட்ல இரு. ரெண்டுதான்னா பத்தாது, சீசனுக்கு வேன் ஏறிக்கோ. போர்மேன்கிட்ட நான் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டாராம். என்னைக் கேட்காமல்.

லாரிப் பலகை

மூன்று வாரம் தினமும் குடம் குடமாகக் காட்டுக்குத் தண்ணீர் சுமந்தேன். தினமும் நாலு முதுகையும் அழுத்தினேன். பத்து, பன்னிரண்டு நாள் ஓடின. பிறகு ஒருநாள் காலை ஒரு பெட்டை நின்றது. இன்னொரு தடவை அழுத்தினேன். நின்றது. நாலு நாள் கழித்து இன்னொன்று. இரண்டையும் கிடாவோடு சேர்த்தோம்.

மற்ற இரண்டும் ஓடின. ஒன்று குண்டுப் பெட்டை. இன்னொன்றுக்கு இடது காது கிழிந்திருக்கும். லாரி வருகிற நாளுக்கு முதல்நாள்கூட இரண்டையும் அழுத்திப் பார்த்தேன். கையை வைக்குமுன்னே ஓடிவிட்டன.

லாரி காலை ஏழு மணிக்கு வந்து வாசலில் நின்றது. ஏழரைக்கு வேனும் வந்துவிட்டது. லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் வேனும் நின்றது. உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் ஜன்னலில். போர்மேன் சொல்லி வைத்திருந்தபடி டிரைவர் எனக்காக முன் சீட்டைக் காலியாக விட்டிருந்தான். என் கையில் தூக்குச்சட்டி. என் வீட்டுக்காரரே கழுவி எடுத்துக் கொடுத்தது.

குண்டுப் பெட்டை பலகையில் கத்திக்கொண்டு ஏறிவிட்டது. கிழிகாதைக் காட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பலகையில் பாதி ஏறியதும் வியாபாரியின் ஆள் அதன் முதுகில் கையை ஊன்றி முன்னால் தள்ளினான். அது நின்றுவிட்டது.

இன்னொருவனும் சேர்ந்து தள்ளினான். நகரவில்லை. வீட்டுக்காரர் வாலைப் பிடித்து முறுக்கினார். நகரவில்லை.

"என்னா இது, கல்லாப் போச்சே" என்றார் வியாபாரி. "கம்பெடுடே."

கம்பால் இரண்டு அடி விழுந்தது. நாலு காலையும் பலகையில் ஊன்றிக்கொண்டு, கிழிந்த காதையும் நல்ல காதையும் மேலே விறைத்துக்கொண்டு நின்றது.

நான் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தேன். "அடிக்காதீக. அது பருவத்துக்கு வந்திருக்கு" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். வேனில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏளா, வியாபாரி முன்னால என்ன பேச்சு இது? நேத்து இல்லேன்னியே?" என்றார்.

"நேத்து வரல. இன்னிக்கு வந்திருக்கு. உங்க அக்காகிட்ட கேட்டுட்டா வரும்?"

பலகையில் ஏறினேன். அந்த ஆளை விலகச் சொன்னேன். இரண்டு உள்ளங்கையையும் அதன் முதுகில் வைத்து, என் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினேன். அசையவில்லை. தோல் மட்டும் என் கைக்கடியில் சூடாகத் துடித்தது.

வியாபாரி இருபது வருசமாகப் பன்றி ஏற்றுகிற ஆள். பக்கத்தில் வந்து அதன் காதைப் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். "அம்மா சொன்னது சரிதான். இதைக் கொண்டுபோய் வெட்டினா பாவம். இறக்குடே" என்றார்.

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "மூணு ஆச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"யக்கா, ஏறலையா? நேரமாகுது" என்று டிரைவர் ஹாரன் அடித்தான்.

நான் பன்றியின் முதுகிலிருந்து கையை எடுக்காமல், "நான் வரலப்பா. எப்பவும் வரல. நீ வண்டியை எடு" என்றேன்.